விழுக்காட்டுக்குள் அடங்காத காற்று

சென்னையின் மேற்குப் புறநகரில் சொந்தமாக மொட்டைமாடி வைத்திருப்பவர்களுக்கு, மின்கட்டணம் கட்டும் நாளில் தோன்றும் யோசனைகளில் ஒன்று, மாடியில் ஒரு சின்னக் காற்றாலை வைத்தால் என்ன என்பது. செல்பேசியில் வரும் காணொளிகள் அந்த ஆசைக்கு எண்ணெய் வார்க்கின்றன. முறுக்கிய இறக்கை, சத்தம் போடாத தூண், பூ மொட்டைப் போன்ற சுழலி என்று விதவிதமாகக் காட்டி, வழக்கமான மூன்று இறக்கைக் காற்றாலையைவிட இது இத்தனை விழுக்காடு திறன் கூடியது என்கிறார்கள். திருநின்றவூரில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் கூடுதலாக இன்னொரு கேள்வியும் உண்டு. விரைவு ரயில் கடக்கும்போது நடைமேடையில் நிற்பவரின் வேட்டி பறக்கிறதே, அந்தக் காற்றைப் பிடித்தால் என்ன?

ரயில் கேள்விக்கு விடை சுருக்கமானது. அந்தக் காற்று இலவசமாக வந்ததல்ல. மேல்கம்பியிலிருந்து இன்ஜின் இழுத்த மின்சாரத்தில் சிதறிய ஒரு துளி. பெட்டியின் கூரையில் சுழலி வைத்தால் எதிர்ப்பு கூடி, கிடைப்பதைவிட அதிகமாக இன்ஜின் தின்னும். பாதையோரம் நட்டால் ரயிலுக்குச் சில நொடிகள் சுற்றிவிட்டு அடுத்த ரயில் வரும்வரை சும்மா நிற்கும். மொட்டைமாடிக் கேள்வியை அப்படித் தட்டிவிட முடியாது. காற்றைப் பிடிக்க மனிதர் செய்த கருவிகளில் எது மேலானது என்பதை ஒவ்வொரு காலமும் ஒவ்வோர் அளவுகோலால் அளந்திருக்கிறது. அளவுகோல் மாறியபோதெல்லாம் வென்ற கருவியும் மாறியிருக்கிறது. தமிழ்நாடு தன் காற்றில் சம்பாதித்ததும் இழந்ததும் இந்த அளவுகோல் விஷயத்தில்தான் என்பது நம் கட்சி.

இந்த வட்டாரத்தில் காற்றை வேலை வாங்கிய மிகப் பழைய முறைக்கு இயந்திரமே கிடையாது. ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லைக் களத்தில் உயரத் தூக்கிச் சரித்தால் பதர் தள்ளிப் போய் விழும், மணி காலடியில் குவியும். காற்று நின்றால் தூற்றுபவர் உட்கார்ந்துவிடுவார், வந்ததும் எழுந்துகொள்வார். கிழக்கே பக்கிங்காம் கால்வாயில் ஆந்திரப் பக்கத்திலிருந்து விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகளும் இதே ஒழுங்கில்தான் ஓடின. காற்று இருந்தால் பாய் விரியும். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். வேலை காற்றுக்குக் காத்திருந்த காலம் அது. காற்றில் எத்தனை பங்கு வீணாகிறது என்று கேட்க எவருக்கும் தேவை வரவில்லை.

வேலை காத்திருக்க மறுத்த இடங்களில் கருவி பிறந்தது. ஈரானின் கொராசான் பகுதியில் நஷ்திஃபான் என்ற ஊரில் மாவு அரைத்த மர ஆலைகள் இன்றும் நிற்கின்றன. நிமிர்ந்த அச்சைச் சுற்றிப் பலகைகள். காற்று ஒரு பாதியைத் தள்ளும், மறுபாதி காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டியிருப்பதால் அதைச் சுவர் வைத்து மறைத்திருப்பார்கள். காற்றின் தள்ளுதலை மட்டும் நம்பும் எந்தக் கருவியும், காற்றில் உள்ள ஆற்றலில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டுவது கடினம். தள்ளப்படும் பலகை காற்றைவிட வேகமாகப் போக முடியாதே. அதுவே பறவைச் சிறகுபோல் வளைந்த இறக்கையாக இருந்தால், காற்று அதைத் தள்ளாமல் தூக்குகிறது. நுனி, காற்றின் வேகத்தைப் போல ஆறேழு மடங்கு வேகத்தில் சுற்றலாம். பழைய ஆலைக்கும் புதிய காற்றாலைக்கும் இடையே உள்ள பெரிய தாண்டல் இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் இதன் மேல் செய்த மெருகு.

அமெரிக்கப் பண்ணைகளில் கிணற்றுக்கு மேல் சுற்றிய பல இறக்கைக் காற்றாலைக்கு ஏர்மோட்டார் என்று பெயர் வந்தது 1888இல். அதற்கு முன்பே தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் ஐயாயிரம் சோதனைகள் செய்து இறக்கையின் வளைவைத் திருத்தியிருந்தார். அதன் திறன் முப்பது விழுக்காட்டுக்குள்தான். ஆனால் ஆழ்கிணற்றின் பம்புத் தண்டை நின்ற நிலையிலிருந்து தூக்க வேண்டுமானால் வேகம் உதவாது, முறுக்கு விசை வேண்டும். நெருக்கமாக இருக்கும் பல இறக்கைகள் அதைத் தரும். ஆகவே பம்புக்கு அதுவே சரி. அதே 1888இல் கிளீவ்லாண்டு நகரில் சார்லஸ் பிரஷ் தன் வீட்டுத் தோட்டத்தில் 17 மீட்டர் விட்டத்தில் 144 மர இறக்கைகள் கொண்ட ராட்சதக் காற்றாலையை நிறுத்தி மின்சாரம் எடுத்தார். கிடைத்தது 12 கிலோவாட். பம்புக்கான வடிவத்தை மின்னாக்கிக்குப் பூட்டியதன் விளைவு அது. மூன்று ஆண்டுகள் கழித்து டென்மார்க்கின் ஆஸ்கோவ் ஊர்ப் பள்ளியில் பவுல் லா கூர் வேலையைத் தொடங்கினார். காற்றுக்குழாய் வைத்து ஆராய்ந்து அவர் கண்டது: மின்சாரத்துக்கு இறக்கை குறைவாக, வேகம் அதிகமாக இருக்க வேண்டும்.

காற்றிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1920ஐ ஒட்டி ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆல்பர்ட் பெட்ஸ் அதைக் கணக்கிட்டார். இங்கிலாந்தில் லான்செஸ்டரும் ரஷ்யாவில் ஜுக்கோவ்ஸ்கியும் அதே இடத்துக்கு வேறு வழிகளில் வந்தார்கள். காற்றின் ஆற்றல் முழுவதையும் பிடுங்கிவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. அதனால் கொஞ்சம் ஆற்றலோடு அதை அனுப்பித்தான் ஆக வேண்டும். வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு வெளியேறினால் அதிகப் பலன்: 27இல் 16 பங்கு, அதாவது 59.3 விழுக்காடு. திறந்தவெளியில் நிற்கும் எந்தச் சுழலியும், அது எத்தனை முறுக்கு முறுக்கியிருந்தாலும், தான் வளைத்துப் பிடிக்கும் பரப்பில் இதற்கு மேல் எடுக்காது. எண்பது விழுக்காடு என்று விளம்பரம் செய்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இந்த வரம்புக்குள் யார் எங்கே நிற்கிறார்கள்? பின்லாந்துக்காரர் சவோனியஸ் 1920களில் செய்த, பீப்பாயை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைத்தது போன்ற சுழலி, பதினைந்திலிருந்து இருபது விழுக்காட்டுக்குள் நிற்கும். பிரெஞ்சுப் பொறியாளர் டேரியஸ் அதே பத்தாண்டில் காப்புரிமை பெற்ற, முட்டை அடிக்கும் கருவியைப் போன்ற நிமிர்ந்த சுழலி, நல்ல நாளில் முப்பத்தைந்து, நாற்பதைத் தொடும். இன்றைய மூன்று இறக்கைக் காற்றாலை நாற்பத்தைந்தைத் தாண்டி ஐம்பதை நெருங்குகிறது. நிமிர்ந்த சுழலிக்கு நியாயமான வசதிகளும் உண்டு. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் முகம் திருப்ப வேண்டியதில்லை. கனமான மின்னாக்கியைத் தரையிலேயே வைக்கலாம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காப்ஷா என்ற இடத்தில் 110 மீட்டர் உயரத்துக்கு, 3.8 மெகாவாட் திறனில் ‘ஏயோல்’ என்ற டேரியஸ் சுழலியைக் கட்டினார்கள். ஐந்தாறு ஆண்டு ஓடியது. 1993இல் அடித்தாங்கி பழுதாகி நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை காற்றை எதிர்கொண்டு, ஒருமுறை தன் காற்று நிழலுக்குள் நுழைந்து வருவதால், விசை மாறி மாறி ஏறியிறங்கி உலோகத்தைக் களைப்படைய வைக்கிறது. வசதியாகத் தரையில் வைத்த அடித்தாங்கிதான் அத்தனை எடையையும் சுமக்கிறது.

கிடையச்சுக் காற்றாலைக்கும் நேர்வழி அமையவில்லை. 1941இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மலையில் 53 மீட்டர் விட்டத்தில் நிறுத்திய 1.25 மெகாவாட் ஸ்மித்–புட்னம் காற்றாலையின் இரண்டு இறக்கைகளில் ஒன்று 1945 மார்ச்சில் பிய்ந்து பறந்தது. 1983இல் ஜெர்மனி 100 மீட்டர் விட்டத்தில் கட்டிய ‘குரோவியான்’ பெரும்பாலும் நின்றே இருந்து, சில ஆண்டுகளில் பிரிக்கப்பட்டது. இரண்டிலும் கணக்குப் போட்டவர்கள் மேதைகள். ஆனால் நிலைத்தது, டென்மார்க்கின் கெட்ஸர் கடற்கரையில் 1957இல் யோஹானஸ் யூல் என்பவர் கட்டிய 200 கிலோவாட் காற்றாலையின் வடிவம். மூன்று இறக்கை, 24 மீட்டர் விட்டம், காற்று மிஞ்சினால் தானே தளர்ந்துகொள்ளும் இறக்கை அமைப்பு; அவ்வளவுதான். பெரிய பழுது பார்க்காமலேயே பத்தாண்டு ஓடியது. விழுக்காட்டில் அது எவரையும் வெல்லவில்லை. ஓடிக்கொண்டே இருந்ததால் வென்றது. பின்னாளில் நம் தூத்துக்குடிக்கு வந்தது அதன் வம்சம்.

இனித் திருநின்றவூர் மாடிக்கு வருவோம். இங்கே கோடையில் காலை முழுக்க மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். மெரினாவில் நண்பகலை ஒட்டி நுழையும் கடல்காற்று முப்பது கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து சேர மாலையாகிவிடும், சில நாள் வராமலே போகும். ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் அரக்கோணம் பக்கத்திலிருந்து இடியோடு வரும் காற்று மரத்தை முறிக்கும், ஆனால் அரைமணிக்குள் அடங்கிவிடும். வீடுகளும் மரங்களும் நெருங்கிய இடத்தில் மாடி உயரத்துச் சராசரி நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும். 3 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் வழியாகப் போகும் காற்றில் இருப்பது 16 வாட். இரண்டு மீட்டர் விட்டச் சுழலி பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மீட்டர். ஆக 50 வாட். சின்னக் கருவிக்கு முப்பது விழுக்காடு என்று தாராளமாகக் கொடுத்தாலும் 15 வாட். இரண்டு எல்.இ.டி. பல்பு எரியலாம். காற்று சீராக வீசாமல் ஏறியிறங்குவதால், மும்மடிப் பெருக்கின் தயவில் ஆண்டுக் கணக்கு இரட்டிப்பாகும் என்று வைத்தாலும் 250 யூனிட்டைச் சுற்றித்தான் நிற்கும். அதே மாடியில் ஐந்தாறு சதுர மீட்டருக்குப் பரப்பிய ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு 1,400 யூனிட் தரும். இவ்வளவுக்கும் சூரியத் தகட்டின் திறன் இருபது விழுக்காடுதான்.

பிரிட்டனில் 2009இல் வெளியான வார்விக் சோதனை, கட்டடங்களின் மேல் வைத்த 26 சிறு காற்றாலைகளை மாதக்கணக்கில் அளந்தது. நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் ஐந்து விழுக்காட்டைக்கூட அவற்றின் சராசரி எட்டவில்லை. நம்மைவிடக் காற்று அதிகமான நாடு அது. மாடி விளிம்பில் மோதும் காற்று சுழித்துக்கொண்டு மேலேறுகிறது. சுழிக்கும் காற்றில் எந்த வடிவமும் சோபிக்காது. நம் ஊருக்குப் பெருங்காற்று வரும் நாளும் பயனில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மேற்குப் புறநகர் சாலைகளில் விழுந்த மரங்களை எண்ணி மாளவில்லை. காற்றாலை வைத்தவருக்கு அது அறுவடை நாளாக இருக்குமா என்றால் இருக்காது. நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய காற்றாலைகளே தம்மை நிறுத்திக்கொண்டு குனிந்துவிடும்.

சரி, காற்று எங்கே இருக்கிறது? இதைத் தேடி அளந்தவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் பெங்களூரில் அமர்ந்து நாட்டின் காற்றுக் கணக்கைத் தொகுத்தார். 1983இல் அது நூலாக வந்தது. ஊர் நடுவிலிருக்கும் வானிலை நிலையங்களின் பதிவு காற்றாலைக்குப் போதாது, சுற்றிலும் கட்டடமும் மரமும் எழும்பிவிட்டன. ஆகவே காற்று ஓடும் இடங்களுக்கே போய்க் கம்பம் நட்டு அளக்க வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கிடைத்த இடைவெளிகளில் பிதுங்கிக்கொண்டு நுழைகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய நான்கு வாசல்களும் சேர்ந்துதான் தமிழ்நாட்டைக் காற்று மாநிலமாக்கின. நம்முடைய காற்று வரலாற்றில் ஒரே ஒருவருக்குச் சிலை வைப்பதானால் காற்றாலை வைத்தவருக்கு அல்ல, காற்றை அளந்த இந்த அம்மையாருக்குத்தான் வைக்க வேண்டும்.

அன்னா மணி அளப்பதற்கு முன் சிறு முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1970களின் தொடக்கத்தில் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மதுரைப் பக்கம் வந்து, மாட்டுவண்டிச் சக்கரத்தில் துணிப்பாய் கட்டி நீர் இறைக்கும் காற்றாலை ஒன்றை உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து செய்தார். பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகமும் ஆரோவில்லும் பல இறக்கைப் பம்புக் காற்றாலைகளைச் செய்தன. விழுக்காட்டில் இவை கடைநிலைதான்; ஆனால் ஊர்த் தச்சரே பழுது பார்க்கக்கூடியவை. அவற்றைத் தோற்கடித்தது மேலான இன்னொரு காற்றாலை அல்ல. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இலவசத்தோடு போட்டியிட எந்த இறக்கையாலும் முடியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதே மின்சாரத்தில் ஒரு பங்கை இன்று காற்று தருகிறது.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன. குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் அதே ஆண்டு. டென்மார்க் வகை, 15 மீட்டர் விட்டம். பிரஷ்ஷின் தோட்டத்துக் காற்றாலையைவிடச் சிறிய வட்டத்தில் நான்கு மடங்குக்கு மேல் மின்சாரம். அதற்கு அடுத்த பத்தாண்டில் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் பனங்காட்டுக்கு மேலே இறக்கைகள் தெரியத் தொடங்கின. திருநெல்வேலிப் பக்கத்தார் இன்றும் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வார்கள்.

அங்கேதான் அளவுகோல் சறுக்கியது. 1990களில் காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றது மத்திய அரசு. சலுகை, நிறுவிய கிலோவாட்டுக்கு; அது தந்த யூனிட்டுக்கு அல்ல. மார்ச் 31க்குள் நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் காற்றைப் பார்க்காமல் நாள்காட்டியைப் பார்த்து நட்டார்கள். ஒன்றின் காற்று நிழலில் மற்றொன்று நின்றது. கிராமத்துப் பீடர்கள் அந்த மின்சாரத்தைத் தாங்காமல் அடிக்கடி துண்டித்துக்கொண்டன. அந்தக் காலத்துக் காற்றாலைகளில் பல, தம் முழுத் திறனில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே ஆண்டு முழுவதும் ஓடின. திருநின்றவூர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பூசலார் நாயனார் கல் இல்லாமல் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்கு இறைவன் குடமுழுக்கு நாளில் வந்து சேர்ந்தார் என்பது ஊர்க்கதை. காகிதத்தில் மட்டும் சுழன்ற காற்றாலைக்கு வரிச்சலுகை வந்து சேர்ந்தது. முன்னது பக்தி, பின்னது பட்ஜெட்.

ஆனாலும் அந்தத் தவறான கணக்குதான் தொழிலை இங்கே ஊன்றச் செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோவை, திருப்பூர் பஞ்சாலைகள் காற்றாலை வாங்கின. காற்று சீசனில் கிடைத்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதி அவற்றுக்கு உயிர்கொடுத்தது. 1998இல் காற்றாற்றலுக்கான தேசிய மையம் சென்னையில் அமைந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் அதன் இன்றைய பெயர் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம், சோதனைக்களம் கயத்தாறில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மாமண்டூர் வட்டாரம் காற்றாலைத் தொழிற்சாலைகளின் வட்டாரமானது. காற்றே இல்லாத நிலத்தில் காற்றாலை செய்கிறோம் என்பது வேடிக்கைதான்.

2009 டிசம்பரில் மத்திய அரசு யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை அறிவித்தபோது அளவுகோல் முதல்முறையாக நிமிர்ந்தது. 2017 பிப்ரவரியில் ஏல முறை வந்து, முதல் ஏலத்திலேயே விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. இப்போது ஒவ்வொரு யூனிட்டும் காசு. விளைவு இறக்கையில் தெரிந்தது. மின்னாக்கியின் திறன் கொஞ்சமே கூடியது. இறக்கை நீண்டுகொண்டே போனது, கோபுரம் உயர்ந்துகொண்டே போனது. முள்ளக்காட்டின் 15 மீட்டர் விட்டத்தை இன்றைய 140 மீட்டர் விட்டத்தோடு வைத்துப் பாருங்கள். பரப்பு 87 மடங்கு. இந்த நாற்பது ஆண்டில் காற்றிலிருந்து எடுக்கும் விழுக்காடோ நாற்பதைச் சுற்றி இருந்ததிலிருந்து ஐம்பதின் பக்கம் நகர்ந்திருக்கிறது. கால் மடங்குக்கு மேல் கூடவில்லை. மீதி எல்லாம் உயரமும் பரப்பும் இடமும் தந்தவை. காணொளிக்காரர்கள் எந்தப் பத்து விழுக்காட்டுக்குச் சண்டை போடுகிறார்களோ, அது இந்தக் கதையில் சில்லறை.

நல்ல காற்றில் நிற்கும் 2 மெகாவாட் காற்றாலை ஒன்று, தன் முழுத் திறனில் சராசரியாக முப்பது விழுக்காடு ஓடினால் ஆண்டுக்கு 52 லட்சம் யூனிட் தரும். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு அது போதும். ஆனால் அந்த வீடுகள் திருநின்றவூரில் இருக்கின்றன, காற்றாலை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே இறக்கைக்கு அடுத்த கேள்வி கம்பி. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது, ஜூன், ஜூலையில் சற்றே மூச்சு விட முடிந்ததும், காற்று ஓய்ந்த அக்டோபரில் வெட்டு மீண்டும் இறுகியதும் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டுகளில்தான், சீசன் இரவுகளில் கம்பியில் இடமில்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன கொடுமையும் நடந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தென்னிந்தியக் கட்டமைப்பை நாட்டோடு இணைத்தது. பின்னர் புகளூரிலிருந்து சத்தீஸ்கரின் ராய்கர் வரை 6,000 மெகாவாட் தாங்கும் நேர்மின்னோட்டப் பாதையும் வந்தது. 2022 ஜூலையில் ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் 12 கோடி யூனிட்டைத் தொட்டது இந்தக் கம்பிகள் இருந்ததால் முடிந்தது. காடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்குகிறது. ஏற்றி இறக்குவதில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். நிறுத்திவைத்த காற்றாலையில் முழுவதும் போய்விடும்.

கம்பி சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று நம் ரயில் பாதையிலேயே ஓடுகிறது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, 2009 முதல் திருநெல்வேலி மாவட்டம் கஸ்தூரிரெங்கபுரத்தில் 10.5 மெகாவாட் காற்றாலைப் பண்ணை வைத்து, தன் மின் தேவையில் பெரும்பகுதியை அங்கிருந்து பெறுகிறது. திருவள்ளூர் தடத்துப் புறநகர் மின்ரயில்கள் அந்த ஆலையின் பெட்டிகள்தாம். ரயில் கிளப்பும் காற்றைப் பிடிக்க வேண்டும் என்று நடைமேடையில் யோசிப்பவருக்கு முன்னால் வந்து நிற்பது, ஏற்கெனவே காற்றில் செய்த ரயில்.

கடலுக்குள் காற்றாலை வைக்கும் பேச்சும் பத்தாண்டாக நடக்கிறது. மன்னார் வளைகுடாவின் காற்று நாட்டிலேயே மேலானவற்றில் ஒன்று. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, தமிழ்நாட்டுக்கு 500, குஜராத்துக்கு 500 மெகாவாட் என்று 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மீனவர் கேள்விகளுக்கும் விலைக் கேள்விக்கும் விடை கிடைத்தபின் அதைப் பேசலாம். அதைவிட மலிவான காற்று நம் காலடியில் தேங்கிக் கிடக்கிறது. முப்பந்தலின் ஆகச் சிறந்த நிலத்தில் இன்றும் நிற்பவை 1990களின் 225, 250 கிலோவாட் காற்றாலைகள். முப்பது மீட்டர் உயரத்தில், நெருக்கமாக, ஒன்றுக்கொன்று காற்று நிழல் கொடுத்துக்கொண்டு சுற்றுகின்றன. மேலே நூறு மீட்டருக்கு அப்பால் ஓடும் காற்றை எவரும் தொடுவதில்லை. 10,000 மெகாவாட்டைத் தாண்டிய மாநிலத்தில் நல்ல இடம் பழைய இயந்திரத்திடமும், புதிய இயந்திரம் சுமாரான இடத்திடமும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பழையதை எடுத்துப் புதியது நடுவதற்கு மத்திய அரசு 2016இல் ஒரு கொள்கை வெளியிட்டு, 2023இல் திருத்தியது. தமிழ்நாடு 2024இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. உரிமையாளர்கள் தரப்பில் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கணக்கையும் கேட்க வேண்டும். பஞ்சாலை முதலாளி ஒருவரின் 250 கிலோவாட் இயந்திரத்துக்குக் கடன் அடைந்து இருபது ஆண்டாகிறது. பராமரிப்புச் செலவு போக வரும் ஒவ்வொரு யூனிட்டும் லாபம், பழைய பேங்கிங் உரிமையும் அதோடு ஒட்டியிருக்கிறது. 3 மெகாவாட் காற்றாலை ஒன்று வர, அவரைப் போன்ற பன்னிரண்டு பேர் தங்கள் இயந்திரங்களைக் கழற்ற வேண்டும். ஒரே கோபுரத்தில் யாருக்கு எத்தனை பங்கு, கோபுரம் யார் நிலத்தில், இறக்கை யார் நிலத்துக்கு மேல் சுற்றும், பேங்கிங் தொடருமா, பழைய 11 கிலோவோல்ட் கம்பியை மாற்றும் செலவு யாருடையது? பெட்ஸின் சமன்பாட்டில் இவற்றுக்கு இடமில்லை. வாரியம் இந்தப் பன்னிரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, பேங்கிங் உரிமையைப் புதிய இயந்திரத்துக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நீட்டித்து, கம்பிச் செலவைத் தானே ஏற்றால், முப்பந்தலில் ஒரு சென்ட் புது நிலம் வாங்காமல் பல மடங்கு மின்சாரம் எடுக்கலாம். அதுவரை 250 கிலோவாட்காரர் தன் இயந்திரத்தை விட மாட்டார். அவர் போடும் கணக்கில் அதுதான் இருப்பதிலேயே திறன் மிக்க காத்தாடி.